வாஷ்கேர் லேபிளில் மார்த்தா அம்மணி

ஜனவரி 6, செவ்வாய்

தபால்வழி எம்.ஏ. ஆய்வுக்கு நான் எடுத்த தலைப்பு மார்த்தா விங்கேட். விக்டோரியா ராணி காலத்துக் கவிஞர். ஆயுசு முழுக்க அண்ணன் பெயரில் அச்சானவள். பேராசிரியர் போனில் சிரிக்கிறார். "இவங்கள யாருங்க படிக்கிறாங்க? வேற பாருங்க." பத்திக்கிட்டு வருது எனக்கு. எத்தனை பேர் படித்தால் ஒத்துக்கொள்வாராம்?

ஜனவரி 9

நான் வேலை பார்க்கிற பனியன் கம்பெனியில், சரக்கு வாங்குகிற லண்டன் பையருக்குக் குழந்தைச் சட்டை சாம்பிள். உள்ளே தைக்கிற வாஷ்கேர் லேபிளை டைப் அடிப்பது என் வேலை. வெந்நீரில் துவைக்காதே, பிரிண்ட் மேல் இஸ்திரி போடாதே— அதற்கடியில் ஒரு வரி இடம் சும்மா கிடந்தது. கை சும்மா இருக்குமா? மார்த்தாவின் வரியை இங்கிலீஷிலேயே போட்டுவிட்டேன். "என் பெயரை உள்பக்கம் தைத்திருக்கிறேன், திருப்பிப் பார்." கீழே அவள் முழுப்பெயர். ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர் தங்கராஜ் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார், ஒரு திட்டு வாங்கிக்கொண்டு எடுத்துவிடலாம்.

ஜனவரி 12

தங்கராஜ் கண்டுபிடிக்கவில்லை. சாம்பிள் லண்டனுக்குப் பறந்துவிட்டது. வாஷ்கேரை எவன் படிக்கிறான்! நாள் முழுக்கத் தனியாகச் சிரித்தேன்.

ஜனவரி 28

ஐயோ. பையர் கையெழுத்துப் போட்டு ஓகே பண்ணிவிட்டான். ஓகே ஆன சாம்பிளில் ஒரு புள்ளி மாறினாலும் மொத்தச் சரக்கும் ரிஜெக்ட். முப்பதாயிரம் பீஸ். நானே போய்ச் சொன்னேன். தங்கராஜுக்கு வேர்த்துவிட்டது. முதலாளி லிங்கசாமி லேபிளை மூக்குக்கிட்ட வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, யாருங்க இந்த மார்த்தா?"

"கவிதை எழுதினவங்க. செத்து நூத்தம்பது வருசம் ஆச்சுங்க."

"அப்படியே அடிங்க. கம்ப்ளெய்ண்ட் வந்தா நீங்க ஊட்டுக்குப் போயிருங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். மகள் கீர்த்தனா காலேஜ் போவதே இந்த வேலையால்தான்.

பிப்ரவரி 20

சரக்கு கப்பலேறியது. முப்பதாயிரம் மார்த்தா. பயத்திலும் சிரிப்பு வருது, என்ன ஜென்மமோ நான்.

ஏப்ரல் 2

லண்டனிலிருந்து மெயில் இல்லை. சோறும் இறங்கவில்லை.

ஏப்ரல் 16

வந்துவிட்டது. தங்கராஜ் நின்றுகொண்டே படித்தார். கடைக்கு வருகிற தாய்மார்கள் மார்த்தா யார் என்று கேட்கிறார்களாம். சிலர் லேபிளை வெட்டிக் குழந்தையின் ஆல்பத்தில் ஒட்டிவிட்டார்களாம். அடுத்த ஆர்டருக்கு அடுத்த வரி வேண்டுமாம். முதலாளி, "என்னமோ ஒண்ணு போடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பேராசிரியருக்கு ஒரு சட்டையைக் கூரியரில் போட்டேன், கூடவே ஒரு சீட்டு: முப்பதாயிரம் பேர் போதுங்களா?

சிக்கல் என்னவென்றால் அந்தக் கவிதைக்கு அடுத்த வரியே கிடையாது. அவள் பெயர் வெளியே வந்துவிடுமென்று மீதியை அந்த அண்ணன்காரன் அடுப்பில் போட்டுவிட்டான். நானே உட்கார்ந்து எழுதினேன், ஒன்பது தரம் அடித்து அடித்து. கீழே பழக்கத்தில் மார்த்தா என்று டைப் அடித்து, அழித்தேன். சித்ரகலா, பெருமாநல்லூர் என்று என் பெயரையும் ஊரையும் போட்டுத் தங்கராஜிடம் நீட்டினேன். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.