ஈரல் சாறு கலந்த தட்டு

இன்று காலை ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்ததும் அந்த வெதுவெதுப்பான புளித்த வாசனை முகத்தில் அடித்தது. உடனே உன் நினைவு வந்துவிட்டது. நீ போய் மூன்று வருடமாகிறது. இன்னும் எனக்கு முன்னால்தான் நிற்கிறாய்.

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் நாம் ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்த பிள்ளைகள். ஒரே பஸ்ஸில் பதுளைக்குப் படிக்கப் போனோம், பிறகு ஒரே பல்கலைக்கழகத்துக்கும். எல்லாவற்றிலும் நீ ஒரு படி மேலே. நான் வெளியே சிரித்தேன், உள்ளே எரிந்தது.

ஒரு பொருள் மரபணுவை மாற்றுமா என்று பார்க்கும் இறுதி வருட ஆய்வுக்கு நான் ஏதோ ஒரு சாயப்பொடியை எடுத்தேன். நீயோ, என் அப்பா தோட்டத்தில் முதுகில் சுமந்து அடித்த களை மருந்தை எடுத்தாய்.

"மாமா கையக் கழுவாமலே ரொட்டி சாப்பிடுறாரு. பாத்துக்கிட்டு இருக்க முடியலடி."

அவர் மகள் நான். எனக்கு அது தோன்றவேயில்லை.

ஒரு சத்தைத் தானே செய்துகொள்ள முடியாத பாக்டீரியாவை, அந்தச் சத்து இல்லாத கண்ணாடித் தட்டில் மருந்தோடு வைப்போம். மருந்து அதன் மரபணுவை மாற்றினால் இழந்த திறன் திரும்பி, புள்ளி புள்ளியாக வளரும். மரபணுவை மாற்றுவது புற்றுநோயையும் கொண்டுவரலாம். உன் முதல் தட்டுகளில் வழக்கத்துக்கு மேல் ஒன்றும் வளரவில்லை. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, அப்பாவை நினைத்தல்ல.

உடம்புக்குள் போன மருந்தை ஈரல் வேறொன்றாக மாற்றிவிடும் என்று, நீ எலி ஈரலின் சாற்றைக் கலந்து பார்த்தாய். இரண்டு நாளில் தட்டெல்லாம் புள்ளிகள். நான் பேராசிரியரிடம் போய், "அவ தட்டுல வேற கிருமி கலந்திருச்சு போல, மேடம்" என்றேன். பொய்யென்று தெரிந்தே சொன்னேன். அவர் அதை உன்னிடம் சொன்னதும் நீ என்னோடு சண்டைக்கு வரவில்லை. முழுவதையும் மறுபடி செய்து, புள்ளிகளை என்னையே எண்ணச் சொன்னாய். எண்ணினேன். அதே அளவு.

அடுத்து விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது நீ அப்பாவைத் தனியே பார்த்துப் பேசினாய். மறுநாள் காலை, ஆட்கள் கூடும் பெரட்டில் வேலை பிரித்தபோது அவர் மருந்து டாங்கியைத் தொட மறுத்து, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போனார்.

பிறகு டெங்குக் காய்ச்சல் உன்னை நான்கு நாளில் கொண்டுபோனது. அப்பா, "என் புள்ள, என் புள்ள" என்று அழுதார். உன் உடலுக்கு முன்னாலும் எனக்குப் பொறாமை வந்தது.

போன மாதம், பேராசிரியரிடம் பொய் சொன்னதை அப்பாவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"அந்தப் புள்ள வேற மாதிரியில்ல சொல்லுச்சு. 'உங்க மக சந்தேகப்பட்டா, அதனாலதான் ரெண்டாவது தடவயும் செஞ்சேன். இப்ப உறுதியா சொல்றேன், அந்த மருந்து வேணாம் மாமா'ன்னுச்சு."

என் பொய்யைக்கூட எனக்கு நல்ல பெயராக்கிவிட்டுப் போயிருக்கிறாய். அப்படியொரு மனம் எனக்கு வாய்க்கவில்லையே என்ற பொறாமை மட்டும் மிச்சமிருக்கிறது. இது இருக்கும்வரை நீ எனக்கு முன்னால் நிற்பாய்; இதை விட்டுவிட எனக்கு மனமில்லை.