ஒரே மகள்

ஜூன் 3, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் இதைக் கொடுக்கிறேன். உன் பதிலும் அவர் வழியாகவே வரட்டும்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் நீ கல்லூரி விடுதிக்கு ஓடிப்போனதிலிருந்து இங்கே உன் பேச்சே கிடையாது. நேற்று உனக்குப் பார்த்திருந்த மரக்கடைக்காரர் தன் அம்மாவோடு வந்தார். "பெரியவளைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?" என்று அந்த அம்மா கேட்டார். "எனக்கு ஒரே பொண்ணுதாங்க. இதோ நிக்கிறாளே, இவதான்" என்றார் அப்பா. "எங்களுக்கும் ஒண்ணு போதும்" என்று அந்த அம்மா சிரித்தார். உனக்குப் பதில் என்னைக் கட்டிவைக்கப் போகிறார்கள் போலிருக்கிறது.

கணக்கு டீச்சர் இன்று, "ஒண்ணுன்னா என்ன?" என்று கேட்டார். வகுப்பே விரலைத் தூக்கியது. "அது விரல்" என்றார். நீ கணிதம்தானே படிக்கிறாய், சொல்லேன்.

உன் அணில்


ஜூன் 9

என் அணிலுக்கு,

பதினைந்து வயதுப் பெண்ணுக்கு யாராலும் கல்யாணத்தைப் பதிய முடியாது. பயப்படாதே.

'ஒன்று' என்ற சொல்லே இல்லாமல் ஒன்றைச் சொல்ல வேண்டும், அதுதான் சிக்கல். மூடிய பெட்டிக்குள் கையை விடு. ஏதோ அகப்பட வேண்டும். பெட்டி காலி இல்லை. அதைத் திரும்பப் போட்டுவிட்டு மறுபடி எடு. எத்தனை முறை எடுத்தாலும் வருவது அதேதான் என்றால், உள்ளே இருப்பது ஒன்று. இவ்வளவுதான்.

ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 14, இரவு

அக்கா,

நீ சொன்னது புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம். இந்தப் பெட்டியில் உன்னை எடுத்தாலும் என்னை எடுத்தாலும் ஒரே ஆள்தான் என்று ஆக்குகிறார்கள்.

உன் பிறப்புச் சான்றிதழ் அப்பாவிடம் இருக்கிறது. பதிவு அலுவலகத்தில் நான்தான் நீ. உன் வயது போதுமாம். அம்மா உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு என்னைப் பழக்குகிறாள். நேற்று கூப்பிட்டபோது யோசிக்காமலே திரும்பிவிட்டேன். அதுதான் பயமாக இருக்கிறது.

கல்யாண ரவிக்கை தைக்கத் தையல்காரி வந்தார். "புதுசா அளவெடுக்க வேணாம், பெரியவ அளவே போதும்னு உங்கம்மா சொல்றாங்க. தோள்ல நிக்காதுடி, கழண்டு விழும்" என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இருபத்தைந்தாம் தேதி, வியாழக்கிழமை. வந்துவிடு அக்கா. உன் காலில் விழுகிறேன்.

அணில்


ஜூன் 18

அணில்,

வருகிறேன். ஒன்றுதான் என்று சாதிப்பவனை மடக்க, வேறான இன்னொன்றைக் கண்ணெதிரே வைத்தால் போதும். அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நிற்பேன், கல்லூரி அடையாள அட்டையோடு. நீ வாயே திறக்க வேண்டாம். எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


ஜூன் 27, இரவு

அக்காவுக்கு,

வியாழக்கிழமை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் யாரோ வந்தார்கள்.

எங்கள் முறை வந்தது. அதிகாரி உன் பெயரைப் படித்து, "நீதானேம்மா?" என்றார். அம்மாவின் கை என் முதுகில் இருந்தது.

"இல்ல சார். அது எங்க அக்கா. நான் வேற."

"பொண்ணு பயந்துபோய் உளறுது சார்" என்றார் அப்பா.

"உனக்கு என்ன வயசு?"

சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "எல்லாரும் எந்திரிங்க" என்றார்.

இடது காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். மரக்கடைக்காரருக்கு வேறு இடம் பார்க்கிறார்களாம். அம்மா இப்போது என் பெயரைச் சொல்லித்தான் திட்டுகிறாள்.

அன்று பொத்தான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போன தையல்காரி உன்னைப் பார்த்தாராம். அலுவலகத்துக்கு எதிரே, பேருந்து நிறுத்தத்தில், பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மதியம் வரை நின்றாயாம். "தெருவைத் தாண்டவே இல்லடி" என்றார்.

அப்பாவைக் கண்டால் உனக்கும் கால் வராது என்பது எனக்குத் தெரியும். பேருந்து கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதே. எதுவுமே எழுதாதே. இனி உன் கடிதம் வந்தால் வாங்க வேண்டாம் என்று தையல்காரியிடம் சொல்லிவிட்டேன்.

உன் தங்கை