தங்கவேலின் முறைநாள்

1981 ஏப்ரல் 19, பழவேற்காடு

கோட்டைக்குப்பத்தில் இன்று பாடு பிரித்தார்கள். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று ஆண்டுக்கொரு முறை சீட்டுப் போட்டு முடிவு செய்யும் கூட்டம். பத்திரிகைக்கு இதில் செய்தி இல்லை, பழக்கத்தில் போனேன்.

வெளியே வெள்ளை அம்பாசிடர். அதில் வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூவரசு நிழலில் மரியாதையாக நின்றிருந்தார். பெயர் தாமோதரன். வெளியுறவுத் துறை; ஜெனீவாவில் வேலை; இப்போது விடுமுறை. பறவை பார்க்க வந்தாராம். பூநாரைகள் போய் எத்தனையோ நாளாயிற்று. இந்த வெயிலில் என்ன பறவை?

ஊர்த் தலைவர் சுப்பராயலு ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டார். "தங்கவேலு!" என்றதும் தங்கவேலின் தம்பி அங்கமுத்து எழுந்து போய்ச் சீட்டு எடுத்தான். தாமோதரன் உன்னிப்பாகப் பார்த்தது அந்த ஒரு நிமிடம் மட்டும்தான். அல்லது எனக்கு அப்படித் தோன்றியதா?

தங்கவேலை நெருக்கடி நிலையின்போது போலீஸ் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். திரும்பவில்லை. நாங்கள் பிடிக்கவே இல்லை என்கிறது போலீஸ். எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டு அவன் மனைவி ஜெயம்மா கொடுத்த புகாரை வக்கீல் மனோரமா ஜெனீவாவின் மனித உரிமைக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார். அதே ஜெனீவா.

காணாமற்போனவன் பெயரை, செத்துவிட்டான் என்று வீட்டார் வாய்விட்டுச் சொல்லும்வரை ஊர் பட்டியலிலிருந்து எடுப்பதில்லை. தங்கவேலின் முறைநாள் வரும்போதெல்லாம் அங்கமுத்து வலை போடுகிறான், மீன் ஜெயம்மாவுக்கு. பெயரை எடுக்கச் சொன்னால் மீன் நின்றுவிடும். அன்றே அவள் பொட்டையும் அழிக்க வேண்டும்.

ஏப்ரல் 20

அங்கமுத்து நேற்று அந்த மனிதரைப் படகில் முகத்துவாரம்வரை கூட்டிப் போனானாம். டீக்கடையில் சொன்னார்கள். கூலி கொடுத்தும் வாங்கவில்லையாம். ஏன் வாங்கவில்லை?

மே 3

என் மனைவி லத்தீபா சோறு போட்டபடியே: "அங்கமுத்து கூலி வாங்கினா அண்ணனக் காசுக்கு வித்துட்டான்னுவீங்க. வாங்கலன்னா வேற எதுக்கோ வித்துட்டான்றீங்க. யாரத்தான் நம்புவீங்க? என்னயாச்சும் நம்புறீங்களா?"

குழம்பில் உப்பு இல்லை என்றேன்.

"அதயும் விசாரிச்சு பேப்பர்ல போடுங்க."

ஆகஸ்ட் 11

மனோரமா ஹைகோர்ட் வாசலில் நிறுத்திச் சொன்னார். ஜெனீவா கூட்டத்தில் பார்வையாளராக இருந்த தோழி அவருக்கு டெலிபோன் செய்திருக்கிறார்.

நாட்டின் சார்பில் பேசியது தாமோதரன். முதலில் குழு உறுப்பினர்களுக்கு நன்றி. பிறகு, குரலை உயர்த்தாமல்: தங்கவேல் என்பவரின் பெயர் இந்த ஏப்ரலில்கூட ஊர்க் கூட்டத்தில் கூப்பிடப்பட்டது, நானே நேரில் கேட்டேன், அவர் பங்கு மீன் அவர் வீட்டுக்குப் போகிறது, காணாமற்போனவருக்கு எந்த ஊராவது மீன்பிடிக்க நாள் ஒதுக்குமா? உறுப்பினர்கள் தலையசைத்தார்களாம். அடுத்த ஆண்டுக்குள் புதிதாக எதுவும் வராவிட்டால் புகாரை மூடிவிடுவார்கள்.

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

ஆகஸ்ட் 16

அங்கமுத்துவை மீன் ஏலத்தில் பிடித்தேன். "அந்த ஆளுகிட்ட இன்னாடா சொன்ன?"

"கேட்டாரு, சொன்னேன் பாய். அண்ணன் இல்லாங்காட்டியும் ஊரு அவுரு பங்க வுடல, அண்ணிக்கு மீன் போவுதுன்னேன். நம்ப ஊரு எப்டின்னு பெரிய மன்சனுக்குத் தெரியட்டுமேன்னு பெருமையாத்தான் சொன்னேன்."

"உங்க அண்ணன் ஊர்லயே இருக்கறதுக்கு அத்தயே சாட்சியா வச்சிட்டாரு."

அவன் முகம் மாறியது. "விருந்தாளியாச்சேன்னு கூலி கூட வாங்கலியே பாய்."

நம்பலாமா? வலை போடுகிறவன் இவன்தானே. ஜெயம்மாவுக்கு எவ்வளவு போகிறது, இவனிடம் எவ்வளவு தங்குகிறது — யார் பார்த்தார்கள்? அண்ணன் பெயர் நிற்பதில் இவனுக்கும் லாபம் இருக்கலாம்.

டிசம்பர் 27

தாமோதரன் மறுபடி விடுமுறையில் வந்திருக்கிறார். மயிலாப்பூரில் அவர் அக்கா வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார்.

"விடுமுறையில் எங்கள் ஊருக்கு எதற்கு வந்தீர்கள்?"

"எந்த ஊரைப் பற்றிப் பேசப்போகிறேனோ அதைப் பார்க்க வேண்டாமா?"

"தங்கவேல் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லிவிட்டீர்களே."

"அப்படிச் சொல்லவில்லை. பெயர் கூப்பிட்டார்கள், பங்கு போகிறது என்றேன். நீங்களும்தான் பார்த்தீர்கள்."

"குழு என்ன நினைத்துக்கொண்டது?"

"அது குழுவின் வேலை, சார். டில்லிக்காகப் பேசுவது என் வேலை. டில்லியைக் கேள்வி கேட்பது இல்லை." காபி டம்ளரைக் கீழே வைத்தார். "என்னால் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி அந்த மேசைக்கு வந்தால், அப்போது நான் டில்லியைக் கேட்டே ஆக வேண்டும்."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். இது உதவியா, தூண்டிலா? ஜெயம்மா அவசரப்பட்டுப் பெயரை எடுத்துவிட்டால், மனைவியே செத்ததாக ஒப்புக்கொண்டாள் என்று அடுத்த தடவை அதே குரலில் பேசலாம். அதற்குத்தான் அடிபோடுகிறாரா?

டிசம்பர் 30

ஜெயம்மாவிடம் அப்படியே சொன்னேன். இறால் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"பேர வச்சா உசுரோட கீறான்றான். பேர எட்த்தா செத்தான்றான். அப்ப இவனுங்க இட்டுகினு போனத யாருதான் கேக்கறது? ஊரெல்லாம் எய்தறியே பாய், உனுக்கும் தெர்லயா?"



1982 ஏப்ரல் 18

பாடு கூட்டம். இங்கே பெண்கள் பேசுவதில்லை. "தங்கவேலு!" என்றதும் அங்கமுத்து எழுந்தான். வேலியோரத்திலிருந்து ஜெயம்மா, "ஒக்காருடா," என்றாள். கூட்டமே திரும்பியது.

"தலைவரே, எம் புருசன் பேரு இருக்கட்டும். அவுரு சீட்ட நீயே எடு. ஆனா அவுரு மொறையில யாரும் வல போடக் கூடாது. எனுக்கு மீனும் வாணாம். அவுரு வந்து போடட்டும். இல்லியா, இட்டுகினு போனவன் வந்து பதில் சொல்லட்டும்."

"ஏரில மீனே இல்ல, எடத்த சும்மா போடறதா? எங்கையில குட்த்துடு, நான் பாத்துக்கறேன்," என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

சுப்பராயலு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "சோத்துக்கு இன்னா பண்ணுவ?"

"பொன்னேரிக்கு மீன் கூடயத் தூக்கினு போறவ நான் ஒருத்திதானா?"

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சிரித்தவன்கூடத் தலையாட்டினான். "ஒரு மொற காலியா கெடந்தா ஏரி வத்திடாது. ஊரு ஒத்துக்கிச்சி," என்று அவரே சீட்டை எடுத்தார்.

அங்கமுத்து தலை குனிந்திருந்தான். மீன் போகிற வருத்தமா?

ஜூன் 6

தங்கவேலின் முறைநாள். மனோரமா போட்டோகிராபரோடு வந்தார். கண்ணுக்கெட்டியவரை வலைக் கழிகள். நடுவில் ஓரிடம் மட்டும் வெறும் தண்ணீர். அதைப் படம் எடுத்தார்கள். நான் வெயில் தாங்காமல் சீக்கிரம் திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 20

மனோரமாவின் தோழி மறுபடி பேசினாராம். குழு உறுப்பினர் ஒருவர் படத்தை மேசையில் வைத்து, இவர் ஊரில் இருக்கிறார் என்றால் இந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். தாமோதரன் நன்றி சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னிடம் இதற்குப் பதில் இல்லை. என் அரசைக் கேட்டுச் சொல்கிறேன்."

புகார் மூடப்படவில்லை.

இவ்வளவு சுலபமாகவா? கேட்டுச் சொல்கிறேன் என்றே பத்து வருடம் ஓட்டலாம். இல்லை, இந்தப் பதிலை மயிலாப்பூரில் காபி கொடுத்த அன்றே தயார் செய்துவைத்திருந்தாரா? இப்படிச் சந்தேகப்படுவது ஏன் எனக்கு உறுத்துகிறது?

1983 மே 9

டில்லியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். ஜீப்பில் யார் யார் இருந்தார்கள் என்று ஜெயம்மாவைக் கேட்டார். ஏழு வருடத்தில் அரசாங்கம் அவளிடம் கேட்ட முதல் கேள்வி. பொட்டைச் சரியாக வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னாள்.

மே 15

தங்கவேலின் முறைநாள். காலையில் கரைக்குப் போனேன். ஜெயம்மா பொன்னேரி பஸ்ஸுக்குக் கூடையோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். காலியான இடத்தில் ஒரு படகு நிற்பதைப் பார்த்து, "யாரது, வல போடறானா?" என்றேன்.

"அங்கமுத்து. வலயெல்லாம் எட்த்தும் போவல. வேத்தூர்க்காரன் பூந்துடுவான்னு காவலு. போன வருசமும் போட்டோ எட்த்தப்பொறம் பொய்து சாயறமுட்டும் அங்கதான் கெடந்தான். நீ பாக்கலியா பாய்?"

தெற்கேயிருந்து ஒரு படகு அந்தப் பக்கம் திரும்பியது. அவன் எழுந்து நின்று கழியைத் தூக்கினான். அவன் குரல் கரைவரை கேட்டது.

"அப்பால போ! இது எங்க அண்ணன் மொற!"