பாங்காக்கில் எத்தனை பேர்

ஜூன் 11

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. சென்னை ஆய்வுக் கம்பெனியிலிருந்து அந்தப் பெண் மறுபடி பேசினாள். பாங்காக் நகரத்தில் வெளிநாட்டவர் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று கணித்துச் சொல்ல வேண்டுமாம். கேட்டிருப்பவர் ஓர் ஊறுகாய் வியாபாரி. கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவனுக்கு இதைவிடப் பெரிய கௌரவம் வரப்போவதில்லை. ஒப்புக்கொண்டேன்.

பாங்காக்கை நான் பார்த்ததில்லை. ராஜபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு எண்ணுவதில் தவறொன்றும் இல்லை; நட்சத்திரங்களை எண்ணுகிறவர்கள் யாரும் அங்கே போய்வந்தவர்கள் அல்ல.

மகள் விஜி அங்கேதான் ஆறு வருடமாக இருக்கிறாள். மருத்துவமனைகளுக்குப் பஞ்சும் கட்டுத்துணியும் விற்கும் கம்பெனியில் வேலை. "அவகிட்ட கேட்டா ஒரு போன்ல முடிஞ்சிரும்" என்றாள் வெங்கடேஸ்வரி. பெற்ற மகளிடம் கேட்டு எழுதினால் அது மதிப்பீடு அல்ல, குடும்ப விசாரிப்பு என்று மனைவிக்கு விளக்கினேன். இரண்டில் எது சீக்கிரம் முடியும் என்று கேட்டாள்.

ஜூன் 15

மூன்று அறிக்கைகள் படித்தேன். ஒன்று வேலை அனுமதி வாங்கியவர்களை மட்டும் எண்ணுகிறது. ஒன்று பக்கத்து நாட்டுக் கூலிக்காரர்களை விட்டுவிடுகிறது. அவர்களை வெளிநாட்டவர் என்று நினைக்க எழுதியவருக்கு மனம் வரவில்லை போலும். மூன்றாவது அறிக்கை எல்லோரையும் சேர்த்துக்கொண்டு, பிறகு பயந்துபோய் ஓர் அடிக்குறிப்புப் போட்டிருக்கிறது.

அந்த நாட்டில் நெடுநாள் தங்கும் வெளிநாட்டவர் தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை, இன்ன முகவரியில்தான் இருக்கிறேன் என்று தெரிவிக்க வேண்டுமாம். ஓய்வூதியக்காரர்கள் நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதைத் தெரிவித்தால் போதும். நம் அரசு நம்மை அதிகம் நம்புகிறது.

மதியமெல்லாம் கணினி வரைபடத்தில் அந்த ஊரின் சந்துகளில் திரிந்தேன். சாயங்காலம் முடங்கியாறு ரோட்டில் நடக்கப் போனபோது மலை மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. மலை இல்லாத ராஜபாளையம் எந்த ஊராகவும் இருக்கலாம். சிறிது நேரம் பாங்காக்கின் படகுத்துறை எந்தப் பக்கம் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்ன சார், வழி தெரியலியா?" என்று கேட்டார். அவரிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 19

சரிபார்க்க ஒரு முறை உண்டு: உங்கள் வீட்டார் யாராவது அந்த ஊரில் வசிக்கிறார்களா என்று இங்கே நாலு தெருவில் கேட்பது. கேட்டேன்.

அடுத்த தெரு முத்துப்பேச்சியின் மகன் பாங்காக்கில் நகைக்கடையில் இருக்கிறான். அவன் பிள்ளை அங்கே பள்ளிக்கூடம் போகிறது. ஒங்க வீட்லருந்து பாங்காக்கில் யார் இருக்கா என்று கேட்டதற்கு யாருமில்லை என்றாள்.

"ஒங்க மகன்?"

"அவன் இங்கனதான சார் இருக்கான். வேலைக்குல்லா போயிருக்கான்."

எல்லா வீட்டிலும் இதே பதில். பத்து வருடம் ஆனவனும் வேலைக்குப் போயிருக்கிறான். சாயங்காலம் வந்துவிடுவான் என்ற தோரணை. என் முறைப்படி பாங்காக்கில் இந்த ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை. ஊறுகாய்க்காரருக்கு இது நல்ல செய்தி அல்ல.

எங்கள் முன்னோர்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன் வடக்கேயிருந்து வந்தவர்கள் என்பார்கள். இன்னும் வீட்டுக்குள் தெலுங்குதான். அங்கே ஏதோ ஒரு தெருவில் எங்களையும் யாராவது, வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்களோ?

ஜூன் 28

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்தோம். விஜிக்கு ஒரு வரன். மாப்பிள்ளை வீடு பார்க்க. தரகர் கருத்தையா முன்னால் நடந்தார். பையன் விக்னேஷ்வரன், வங்கியில் வேலை. அவன் அப்பா ராஜரத்தினம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல வீடு, நல்ல மனிதர்கள். குறை தேடினேன், கிடைக்கவில்லை.

பொண்ணு இப்ப எங்க இருக்கு என்று ராஜரத்தினம் கேட்டார்.

"இங்கதாண்ணே இருக்கா" என்றாள் வெங்கடேஸ்வரி. "வேலைக்கு பாங்காக் போயிருக்கா."

ஆடி பிறக்கும் முன் பூ வைத்துவிடலாம், ஆவணியில் கல்யாணம் என்றார் அவர். பெண் வேலையை விட்டுவிட்டு வந்துவிடும் அல்லவா என்றும் கேட்டார்.

"வராம? அவ வீடு இங்கல்லா இருக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தட்டில் இருந்த பால்கோவாவைப் பார்த்தேன்.

திரும்பும்போது பஸ் ஜன்னலில் கோபுரம் மழைக்குள் கரைந்துகொண்டே வந்து, ஒரு திருப்பத்தில் இல்லாமல் போயிற்று. விஜியிடம் கேட்டாயா என்றேன்.

"கேட்டா வேணாம்னு சொல்லிருவா. அதான் கேக்கல."

ஜூலை 3

விஜியிடம் நான்தான் சொன்னேன். போனில் அந்தப் பக்கமும் மழைச்சத்தம்.

"கல்யாணம் வேணாம்னு சொல்லலப்பா. இங்கருந்து வரமாட்டேன். அவ்வளவுதான்."

அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள் என்றேன். என்னவென்று கேட்டாள். நீ இங்கேதான் இருக்கிறாய் என்று. சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"ஒங்க கணக்குல நான் எங்கப்பா இருக்கேன்?"

பாங்காக்கில் என்றேன். வேறு என்ன சொல்ல?

"அப்ப அத அவங்ககிட்டயும் சொல்லுங்க."

ஊறுகாய் வியாபாரிக்குச் சொல்லும் உண்மையைச் சம்பந்திக்குச் சொல்லக்கூடாதா? சம்பந்தி ஆகாமல் போய்விடுவார். சொல்லாவிட்டால் — பூ வைத்த பிறகு அவள் வரமாட்டாள். அந்தப் பையன் என்ன பாவம் செய்தான்?

ஜூலை 6

மதியத் தூக்கத்தில் ஒரு கனவு. மேகத்துக்குள்ளிருந்து பாங்காக்கின் வெளிநாட்டவர் அனைவரும் மலையிறங்கி வருகிறார்கள். செருப்பைக் கையில் பிடித்தபடி, அவசரமில்லாமல். நான் பாதை ஓரம் நாற்காலி போட்டு எண்ணுகிறேன். ஒவ்வொருவரும் என் அருகில் வந்ததும் குனிந்து, அவரவர் மொழியில், நான் இங்கே இல்லை, வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எல்லா மொழியும் எனக்குப் புரிகிறது. கடைசியில் வந்தவள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டாள்.

எழுந்தபோது எண்ணிக்கை மறந்துவிட்டது.

ஜூலை 9

அறிக்கையில் ஒரு வரியும் எழுதவில்லை.

ஜூலை 12

தனியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். வெங்கடேஸ்வரியிடம் நூலகம் என்று சொன்னேன். ராஜரத்தினம் வாசலில் ரோஜாத்தொட்டிக்கு மண் போட்டுக்கொண்டிருந்தார். என் மகள் பாங்காக்கில் வசிக்கிறாள், திரும்பி வருகிற எண்ணம் இல்லை என்று நின்றபடியே சொல்லிவிட்டேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "அப்ப ஒங்க வீட்டம்மா சொன்னது?"

"அது எங்க வீட்டுக் கணக்கு. இது ஊர்க் கணக்கு."

"பூ வச்ச பொறவு சொல்லாம இப்ப சொன்னீயளே" என்றார். "எம்மவன் அங்கெல்லாம் போகமாட்டான். அவனுக்குச் சிவகாசி போனாலே வயித்துக்கு ஆகாது. உக்காருங்க, காப்பி குடிச்சிட்டுப் போலாம்."

குடித்தேன். நல்ல காப்பி. இவரைச் சம்பந்தியாக அடைந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வெங்கடேஸ்வரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். முதலில் தெலுங்கில் திட்டினாள். பிறகு, எனக்குச் சரியாகப் புரியவேண்டும் என்றோ என்னவோ, தமிழில்:

"ஊரானுக்கு எண்ணிக் குடுக்கப் போயி, எம்புள்ளயவும் அங்க சேத்துட்டிய."

நான் எங்க சேத்தேன்? அவளாத்தான போனா. ரயிலடி வரைக்கும் கொண்டுபோய் விட்டது யாரு, ரெண்டு பேருந்தான? இதை அங்கே சொல்லவில்லை. இங்கே சொல்லி என்ன.

ஜூலை 17

ஆடி பிறந்தது. வீட்டில் பேச்சு இல்லை. தெலுங்குத் திட்டும் நின்றுவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 24

அறிக்கையை அனுப்பினேன். என் கீழ்வரம்புக்கும் மேல்வரம்புக்கும் நடுவே தாராளமாக ஒரு நகரத்தையே குடியேற்றலாம். கம்பெனிப் பெண் ஒரே எண்ணாகக் கேட்கிறாள். ஊறுகாயை வரம்பில் போட முடியாதாம்.

'வசிப்பவர்' என்பதற்கு விளக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். காய்ச்சல் வந்தால் எந்த மருந்துக்கடைக்குப் போவது என்று எவரையும் கேட்காமல் யாருடைய கால் போகிறதோ, அவர் அந்த ஊரில் வசிப்பவர் என்று எழுதினேன். அடித்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 2

விஜி காய் வாங்கப் போன இடத்திலிருந்து வீடியோவில் வந்தாள். வெங்கடேஸ்வரி என் பின்னால் வந்து நின்றாள், பேசவில்லை. அங்கேயும் மழை. நீலப் படுதாவிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஈரத்தில் விளக்குகள் கீழே ஒருமுறை, மேலே ஒருமுறை எரிகின்றன. கடைக்காரப் பெண்மணியிடம் விஜி எதையோ பேரம் பேசினாள். வேகமாக, ராகம் போட்டு. அந்தம்மாள் தலையிலடித்துக்கொண்டு ஒரு கட்டுக் கீரையைக் கொசுறாகப் பையில் திணித்தாள். விஜி போனைத் திருப்பிக் காட்டினாள். அம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தம்மாள் கை கூப்பினாள். வெங்கடேஸ்வரி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கூப்பினாள்.

போன் அணைந்த பிறகு, ஆடி பிறந்த பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

"அந்தம்மா இவள வேத்தாளாவே நெனைக்கல, பாத்தியளா?"

பார்த்தேன் என்றேன்.

"கீரைய ஆஞ்சு திங்காளோ, அப்படியே போட்டுருதாளோ" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 23

ஆவணி பிறந்ததும் கருத்தையா வந்துவிட்டார். பையில் புதுப் படங்கள்: சாத்தூர் ஒன்று, மதுரை ஒன்று, சேத்தூரில் நிலபுலனோடு ஒன்று. வெங்கடேஸ்வரி கையில் வாங்காமலே பேசினாள்.

"எம்மக பாங்காக்குல இருக்கா. அங்கனயே இருக்குற பையனாப் பாருங்க."

விஜியிடம் கேட்டாயா என்று இந்தத் தடவையும் கேட்டேன். கேட்டுவிட்டாளாம். சரி என்றாளாம், ஆனால் அவசரப்படுத்தக்கூடாதாம்.

கருத்தையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சேத்தூர் வரை அவருக்குச் சைக்கிள் உண்டு. பாங்காக்கில் நம்மாளுக எங்கன இருக்காக, எம்புட்டுப் பேரு இருக்காகன்னு நான் எங்கம்மா போயிக் கண்டேன் என்றார்.

"இவிய எண்ணி வச்சிருக்காக" என்றாள் வெங்கடேஸ்வரி.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தேன். கீழ்வரம்பு இவ்வளவு, மேல்வரம்பு இவ்வளவு, அதில் இந்தியர் இத்தனை பங்கு, தமிழ்நாட்டார் இத்தனை, கல்யாணமாகாத ஆண்கள் —

"ஏங்க, எனக்கு எதுக்கு அம்புட்டு?" என்றாள். "ஒண்ணு போதும்."