வலது சிறகு மட்டும்

30 ஏப்ரல் 85, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். குடை பஸ்ஸில் போச்சு.

சனிக்கிழமை தாரா வேட்டை, காட்டு வாத்து வேட்டை, தொடங்குகிறது. நாள் முழுக்கக் கடதாசிப் பை கட்டி வேட்டைக்காரருக்கு அனுப்பும் வேலை. எல்லாப் பையிலும் ஒரே கெஞ்சல்: சுட்ட ஒவ்வொரு தாராவிலும் வலது சிறகு மட்டும் வெட்டிப் போடவும், குளத்தின் பேர் எழுதவும். சிறகைப் பார்த்து இது குஞ்சு, இது கிழடு, இது சேவல், இது பேடு என்று பிரிப்பது நான். மரக்கறி மட்டுமே தின்கிறவன், விலங்கியல் பட்டதாரி. படித்த படிப்புக்கு இதுதான் கிடைத்தது.

போன வருஷம் ரோன் என்ற வேட்டைக்காரன் இரண்டு சிறகையும் போட்டுவிட்டான். கணக்கில் ஒரு தாரா இரண்டாச்சு. ஹென்டர்சனில் வெல்டிங் கடை வைத்திருக்கிறான். வயிறு முதலில் வரும், ஆள் பிறகு வருவான். ஏன் என்று கேட்டதற்கு, "ஒற்றைச் சிறகோடு கிடந்தால் பாவமாக இருக்கிறது" என்றான். சுடும்போது இல்லாத பாவம்.

ஒபீசில் சீஃப் கூப்பிட்டார். சனி விடிய ரோனோடு சதுப்புக்குப் போய் அங்கேயே எண்ண வேண்டுமாம். வேட்டைக்காரர் என்னோடு ஒத்துப்போனால் வேலையை நிரந்தரமாக்க எழுதுவாராம். இல்லாவிட்டால் இங்கே ஜூனில் தொடங்கும் குளிர்காலத்தோடு சரி. வேலை போனால் விசாவும் போகும்.

வீட்டில் மனைவி பவா புதுக் கோட் ஒன்றை விரித்துவைத்துப் பார்த்தபடி. நீலம், உள்ளே கம்பளி. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவள் தம்பி தயா வந்தால் போடவாம். அவன் விசாவுக்கு இன்னும் ஒரு கடதாசிகூட நகரவில்லை. கோட் மட்டும் வந்துவிட்டது.

2 மே, வியாழன்

லண்டனிலிருந்து பவாவின் பெரியப்பா மகன் ஒபீசுக்குப் போன் எடுத்தான். தயாவை ஆமி சுட்டுவிட்டதாம். கடைக்குச் சைக்கிளில் போனவன். எரித்தும் ஆயிற்று.

"அத்தான், நீங்களே அவளுக்குப் பக்குவமாச் சொல்லுங்கோ."

ஓம் என்றேன்.

சொல்லவில்லை. சொன்னால் செத்தவீடு. மவுண்ட் ரோஸ்கில் தமிழ்ச்சனம் முழுக்க வந்து வரவேற்பறையில் குந்தும். மச்சான்காரன் வாசலில் நிற்காமல் தாரா சுடப் போனானாம் என்று ஊர் சிரிக்கும். சனி போச்சு, வேலையும் போச்சு. ஞாயிறு சொல்லலாம். அதற்கு முன் சொன்னால் அவன் எழும்பி வரப்போகிறானா?

வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. டெய்ரி என்னும் மூலைக்கடையில் வாங்கிய பாண் ரொட்டி, வாழைப்பழம். பவா தலை முழுகிக் கூந்தலை விரித்துவிட்டிருந்தாள். சாமி விளக்கும் இல்லை. ஏன் என்றேன்.

"எனக்குத் துடக்கு."

மாதாமாதம் வரும் தீட்டுத்தானே. நல்லதாகப் போயிற்று. தனியாகப் படுக்கலாம், முகம் பார்க்கத் தேவையில்லை.

3 மே, வெள்ளி

வெயில். சீஃப் ரப்பர் பூட்ஸ் இரவல் தந்தார், ஒரு சைஸ் பெரிது.

இன்றும் பாண். பின்னேரம் பவா அந்த நீலக் கோட்டைக் கொண்டுவந்தாள்.

"சதுப்பு குளிரும். இதைப் போட்டுக்கொண்டு போங்கோ."

"தயாவுக்கு வாங்கினதெல்லோ?"

"அவனுக்கு இப்ப தேவையில்லைத்தானே."

வர நாளாகும் என்ற விரக்தி போல. போட்டுப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. பட்டன் பூட்டிவிட்டாள். எப்போது பூட்டிவிட்டாள் கடைசியாக?

"எனக்கு ஒண்டும் சொல்ல இல்லையோ?"

"என்ன சொல்ல?"

"சும்மா கேட்டன்."

4 மே, சனி

பனி. மைமாய் என்று பேர், நாணலுக்குள் ஒளிந்திருந்து சுடும் தகரக் குடில். ஆறு பேர், மூன்று நாய், பியர் நாற்றம். விடிந்ததும் சுட ஆரம்பித்தார்கள். காது இன்னும் கூவுகிறது.

ஒரு தாரா குற்றுயிராய் விழுந்து நாணலுக்குள் நுழைந்தது. ரோன் துவக்கைக் கீழே வைத்துவிட்டு நாயோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தேடினான். "அடிபட்டதைத் தேடாமல் விடுகிறவன் எங்களோடு வரக்கூடாது, சாண்டி." சந்திரசேகரம் என்ற என் பேர் அவர்கள் வாயில் சாண்டி. கொண்டுவந்து என் கையில் தந்தான். துடிப்பு. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கழுத்தைத் திருகினேன். நினைத்ததைவிட லேசு. கை தட்டினார்கள். இவன் நம்ம ஆள் என்றான் ரோன்.

கோட் கையில் இரத்தம்.

நல்ல நாள். பொய் சொல்வானேன், சந்தோஷமாக இருந்தது.

5 மே, ஞாயிறு

மத்தியானம் வரை நித்திரை. எழும்பிக் கண்ணாடி முன் முகத்தைத் துக்கமாக்கிப் பார்த்தேன். பவா வீட்டுப் பின்புறம், வாளியில் கோட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பவா, மனதைத் திடப்படுத்திக்கொள். தயா..."

திரும்பவில்லை.

"வியாழக்கிழமையே தெரியும். லண்டன் அண்ணி எனக்கும் எடுத்தவா."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னன். துடக்கு எண்டு சொன்னன். செத்தவீட்டுத் துடக்கு. அடுப்பு மூட்டேல்லை, விளக்கு வைக்கேல்லை. அவன்ரை கோட்டையும் உங்களுக்குப் பூட்டிவிட்டன். இன்னும் என்னெண்டு சொல்லுறது?"

"என்னைச் சோதிச்சனியோ?"

"இல்லை. போகமாட்டியள் எண்டு நினைச்சன்."

கிளென் ஈடனிலிருந்து அவள் சிநேகிதி மலர் காரோடு வந்தாள். பவா ஒரு பையோடு ஏறினாள். அழுகை முழுக்க அங்கே வைத்துத்தான் போல. என் முன்னால் ஒரு சொட்டு இல்லை.

கோட் வாளியிலேயே. தண்ணீர் சிவப்பு.

6 மே, திங்கள்

மழை. சிறகுப் பைகள் வந்து குவிந்துவிட்டன. ரோனின் பையில் எல்லாம் வலது சிறகு, ஒன்றுகூடப் பிழையில்லை. சீஃப் கை குலுக்கினார். நிரந்தரமாக்க எழுதிவிட்டாராம். ரோன் என்னைப் பற்றி நல்லாச் சொன்னானாம்.

யாரிடம் சொல்ல? கிளென் ஈடனுக்கு எடுத்தேன். பின்னால் ஒரே சனம், யாரோ ஒப்பாரி. மலர் கனநேரம் கழித்து அவளிடம் கொடுத்தாள்.

"பவா, ஒரு விஷயம் சொல்ல வேணும்."

"ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கோ."

வைத்துவிட்டாள்.