ரெண்டு கோடும் ஒரே பக்கம்

உன் பிசின் நாறுகிறது. சால்டரிங் அயர்ன் பட்ட இடமெல்லாம் கறுத்துப் புகைந்து, கருகின பிளாஸ்டிக் வாடை கடை முழுக்கப் பரவிவிட்டது. எதிர் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். செத்து இரண்டு வருஷம் ஆகியும் எனக்கு வேலை வைக்கிறாய்.

உன் மகள்தான் நேற்று கொண்டுவந்தாள். கல்லூரியில் கிடார் வாசிக்கிறாளாம். காலால் அமுக்கிக் கிடாரைக் கரகரக்க வைக்க நாம் செய்த அந்த ஓவர்டிரைவ் பெடலில் சத்தமே வரவில்லை என்றாள். “ஒயர் எங்கியோ வுட்டுப்போயிருக்கும் மாமா. சரி பண்ணிக் குடுங்க. சத்தம் மட்டும் அப்பா வாசிச்சா மாதிரியே இருக்கணும்.” அப்பா வாசித்த மாதிரியாம். கிடாரில் உனக்குப் பிடிக்கத் தெரிந்ததே நாலு கார்டு. அதிலும் ஒன்று எப்போதும் தப்பாகத்தான் விழும். அதை அவளிடம் சொல்லவில்லை, வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதன் கூடு, சுவரில் சுவிட்சுக்குப் புதைக்கிற இரும்புப் பெட்டி. அதில் ஓட்டை போட்டு இரண்டு குமிழ் வைத்து, உன் பெண்டாட்டியின் நகப்பாலிஷால் ‘கம்மி’, ‘ஜாஸ்தி’ என்று எழுதியிருந்தாய். எது கம்மி, எது ஜாஸ்தி என்று மேடையில் உனக்கே குழம்பும். கெப்பாசிட்டர் என்று ஒருநாளாவது உன் வாயில் வந்திருக்கிறதா? உனக்கு எல்லாமே மாத்திரைதான். பச்சை மாத்திரையை எடுத்துவிட்டுச் செவப்பை வை என்பாய். வைத்து, கிடாரைச் செருகி, காலால் அமுக்கினால் உதட்டைப் பிதுக்குவாய். இன்னும் கரகரப்பாக வேண்டும், ஆனால் கத்தக் கூடாது, அழுகிறவன் தொண்டை மாதிரி இருக்க வேண்டும். இதைக் கேட்டு எந்த மெக்கானிக் என்ன செய்வான்? மூன்று மாதம் மாற்றி மாற்றிப் பற்றவைத்தேன். நீ அயர்னை ஊதுபத்தி மாதிரி பிடிக்கிறவன் என்பதால் உன்னைத் தொடவே விடவில்லை.

கடைசியில் ஒருநாள் அந்தச் சத்தம் வந்தது. அதை மட்டும் நான் மறுக்க மாட்டேன்.

மறுவாரமே பெட்டிக்குள் கறுப்புப் பிசினை ஊற்றி மூடிக்கொண்டு வந்தாய். எவனும் பார்த்துக் காப்பி அடித்துவிடக் கூடாதாம். உலகம் முழுக்கப் போனில் கிடைக்கிற சர்க்யூட்டுக்கு இத்தனை காவல். அதைவிடக் கேவலம், வெள்ளிமலைத் திருவிழாக் கச்சேரியில் மைக்கைப் பிடித்து, இது நானே செய்தது என்றாய். நான் கீழே ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் நின்றிருந்தேன். யாரோ என்னைக் காட்டிக் கேட்டதற்கு, “அவனா? ஈயம் வெச்சிக் குடுத்தான்” என்று சிரித்தாய். மலையிலிருந்து இறங்கும்போது நான் பஸ்ஸில் வந்தேன், நீ ஆர்க்கெஸ்ட்ரா வேனில். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை. உன் சாவுக்கு வந்து கடைசியில்தான் நின்றேன். அங்கே வைத்திருந்த ஸ்பீக்கரில் ஓயாமல் உறுமல் வந்துகொண்டிருந்தது. எர்த் கொடுக்கக்கூட ஒருவனுக்குத் துப்பில்லை.

இப்போது உன் பிசினைச் சுரண்டி எடுத்துவிட்டேன். அறுந்தது பாட்டரி ஒயர்தான், பற்றவைத்துவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உள்ளே, மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற இரண்டு டயோடும் கண்ணில் பட்டன. அரிசி அளவுதான் இருக்கும், ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் கறுப்புக் கோடு. ஒன்றின் கோடு இந்தப் பக்கம் என்றால் மற்றதன் கோடு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். பாலிடெக்னிக் முதல் வருஷத்துப் பாடம். இதில் இரண்டு கோடும் ஒரே பக்கம் இருந்தது. எனக்குத் தெரியாமல் நீ செய்த வேலை என்று துள்ளிக்கொண்டு லென்ஸை எடுத்தேன். ஈயம் மணிமணியாக நின்றது. உன் கையில் அப்படி நிற்காது. அது என் கை.

அப்போதுதான் நினைவு வந்தது. பிசின் ஊற்றுவதற்கு முந்தின நாள் நீ கேட்டாய்.

“ஏண்டா, ரெண்டு கோடும் ஒரே பக்கம் இருக்கலாமா?”

“மாத்திரைக்காரனுக்கு இன்னா தெரியும்? வேலையப் பாரு” என்றேன் நான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீ பார்த்துவிட்டாய். நான் அதைச் சரிசெய்தால் சத்தம் போய்விடும் என்று பயந்து மூடினாயா, என் தப்பு ஊருக்குத் தெரியக் கூடாது என்று மூடினாயா? இரண்டாவதை உன் கணக்கில் எழுத எனக்கு மனசில்லை. நீ அவ்வளவு நல்லவன் இல்லை.

ஒரு டயோடைத் திருப்பிப் பற்றவைத்து வாசித்தேன். சுத்தமாக, ஒழுங்காக, கடையில் வாங்குகிற எல்லாப் பெடலையும் போல ஒலித்தது. பத்து நிமிஷம் பொறுத்தேன். பிறகு பழையபடி தப்பாகவே வைத்தேன். வந்துவிட்டது, அந்த அழுகிறவன் தொண்டை.

சாயந்தரம் உன் மகள் வந்து வாசித்துப் பார்த்தாள். நாலு கார்டும் சரியாக விழுந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இத அப்பாவே செஞ்சதுதான மாமா?” என்றாள்.

“ஆமாம்மா. உங்கப்பாதான்.”

சந்தோஷப்படாதே. உண்மையைச் சொன்னால் என் தப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும், அதனால்தான். உன்னை நான் மன்னிக்கவும் இல்லை. நீ இருந்திருந்தால் அந்த டயோடைத் தூக்கி உன் மூஞ்சிக்கு நேரே நீட்டி, ஏண்டா சொல்லலை என்று தெருவே கூடுகிற மாதிரி சண்டை போட்டிருப்பேன். அந்தச் சண்டை அப்படியே என்னிடம் இருக்கிறது. போடத்தான் ஆள் இல்லை.