கழுவிய சோளம்

மகனுக்கு,

நாங்கள் கேட்டது சாப்பாடு. உன் அலுவலகம் அனுப்பியது பூச்சிமருந்து தடவிய விதைச்சோளம். மழை பொய்த்து, சண்டையால் ரேஷன் லாரியும் நின்றுபோன ஊருக்கு விதை! உத்தரவில் கையெழுத்து உன்னுடையது.

சாக்கில் எச்சரிக்கை இருந்தது, எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத மொழியில். சோளம் செக்கச்செவேலென்று இருந்தது. "கல்யாணப் பொண்ணாட்டம் சாயம் பூசிட்டு வந்திருக்கு பாருங்க" என்று உன் அம்மா சிரித்தாள். தண்ணீர் தெளியும்வரை கழுவிக் கஞ்சி வைத்தாள். பக்கத்து வீட்டுத் தையல்காரருக்கும் ஒரு படி கொடுத்தாள்.

நான் தொடவில்லை. உன் ஆபீஸ் தானம் வேண்டாமென்ற வீம்பு, வேறொன்றுமில்லை.

"புள்ள அனுப்பினது, கெடுதல் பண்ணுமா?" என்று என்னைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டாள்.

முதலில் கை நடுங்கியது. பிறகு கண் மங்கியது. கடைசியில் என் குரல்கூட அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

மிச்சச் சாக்குகளை எடுத்துப்போக வேண்டியது உன் அலுவலகம். தின்னும் தானியம் அனுப்ப வேண்டியவர் உன் அமைச்சர். லாரிக்கு வழிவிட வேண்டியவர்கள் துப்பாக்கி பிடித்த இரு தரப்பும். ஒருவரும் செய்யமாட்டீர்கள், தெரியும். தையல்காரருக்கும் இப்போது கை நடுங்குகிறது. ஏனென்று அவரிடம் சொல்ல வேண்டியவன் நீ. உன் அம்மாவுக்கு மகன் செய்ய வேண்டியதை நானே செய்து முடித்துவிட்டேன்.

உன்னைப் பெற்றவன்